அணை விஷயத்துல எதிராளி தான், ஆனா இப்படி ஒரு எம்எல்ஏ நமக்கு வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கம்பம் பள்ளத்தாக்குல நெல்லு போடுற விவசாயி, முல்லைப்பெரியாறு தண்ணி தான் எங்க சோறு. அதனால கேரளாவோட முன்னாள் முதலமைச்சர், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன்னு பேரு எடுத்தாலே எங்க பக்கம் முகத்தை சுழிப்பாங்க, அதுல நியாயமும் இருக்கு. அணையில 142 அடி தேக்கலாம்னு 2006 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டு சொல்லி முடிச்சிருச்சு, அந்த வருஷமே முதலமைச்சரா வந்தவரு அஞ்சு வருஷமும் புது அணை தான் வேணும்னு நின்னாரு. 2014ல அதே கோர்ட்டு அதைத் தடுக்க கேரளா போட்ட சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்ன அன்னைக்கு தான் எங்களுக்கு உசுரு வந்துச்சு. அணை விஷயத்துல அவரு செஞ்சது தப்பு, இன்னைக்கும் அப்படித் தான் சொல்லுவேன். ஆனா 2025 ஜூலை 21ம் தேதி 101 வயசுல அவரு இறந்ததுக்கு அப்புறமும் நம்மாளுங்க பேச்சு அணையோட நின்னுபோகுது, அந்த மனுஷன் மலைமேல இருக்கற நம்ம தமிழ் சனத்துக்கு என்ன செஞ்சாருன்னு யாரும் பேச மாட்டேங்குறாங்க, அதுக்காகத் தான் இந்த லெட்டர்.

2015 செப்டம்பர் மூணாறு தேயிலை எஸ்டேட் ஸ்ட்ரைக்க எடுத்துக்கங்க. போனஸ 20 சதவீதத்துல இருந்து 10 சதவீதமா குறைச்சிட்டாங்க, தினக்கூலி 232 ரூபா, கொழுந்து பறிக்கற பொம்பளைங்க ஆயிரக்கணக்குல ரோட்டுல வந்து உக்காந்துட்டாங்க, ஏறக்குறைய எல்லாருமே தமிழ் பேசறவங்க, எங்க சொந்தக்காரங்களும் அதுல உண்டு. பொம்பளைங்க ஒத்துமைன்னு அர்த்தம் வர்ற மாதிரி பெம்பிளை ஒருமைன்னு பேரு வச்சுக்கிட்டாங்க. அவங்க கோவம் கம்பெனி மேல மட்டும் இல்ல, சந்தா வாங்கிக்கிட்டு கம்பெனியோட கைகோத்துட்டாங்கன்னு எல்லாக் கட்சி யூனியன் மேலயும் தான். மூணாறு அடங்குன தேவிகுளம் தொகுதி எம்எல்ஏவ கூட விரட்டி விட்டாங்க, அவரு வி.எஸ். கட்சிக்காரரு தான். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு நடுவுல 91 வயசுல வி.எஸ். மலையேறி வந்தாரு, பொம்பளைங்க அவரை ஏத்துக்கிட்டாங்க, தீர்வு வராம நான் போகமாட்டேன்னு அவங்களோட உக்காந்துட்டாரு. அன்னைக்கு ராத்திரியே 20 சதவீதத்துக்கு கம்பெனி ஒத்துக்கிச்சு. ஜெயிச்சது அந்தப் பொம்பளைங்க தான், அந்தப் பெருமைய நான் யாருக்கும் தூக்கிக் குடுக்கல. ஆனா சொந்தக் கட்சியோட யூனியன திட்டுற கூட்டத்துல போயி உக்கார எந்தத் தலைவருக்குங்க தைரியம் வரும்?

அவரை ஏன் நம்புனாங்கன்னா அதுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு. சின்ன வயசுலயே அம்மா அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க, ஏழாங்கிளாஸோட படிப்பு நின்னுச்சு, அண்ணனோட தையக்கடை, அப்புறம் ஆலப்புழையில கயிறு ஃபேக்டரி. கம்யூனிஸ்ட் தலைவர் கிருஷ்ணபிள்ளை தான் அவரை குட்டநாட்டுக்கு அனுப்புனாரு, வயல்கூலிங்களுக்கு சங்கம் கட்ட. 1946ல திருவிதாங்கூர் அரசாங்கத்த எதிர்த்து நடந்த புன்னப்புரை வயலார் போராட்டத்துக்கு அப்புறம் போலீஸ் புடிச்சு லாக்கப்புல வச்சு பாதத்துல பயனெட்டால குத்துனாங்க, செத்துட்டாருன்னு நெனச்ச அளவுக்கு அடி. அப்புறம் நம்ம தேனிக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு, 1958ல தேவிகுளம் இடைத்தேர்தல், கேரளாவோட முதல் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். ஆட்சிக்கு மெஜாரிட்டி ரொம்பக் கம்மியா இருந்த நேரம், கம்யூனிஸ்ட் கட்சி சார்பா ரோசம்மா புன்னூஸ் நின்னாங்க, அந்தத் தேர்தல் வேலைக்குப் பொறுப்பா இருந்தவரு வி.எஸ்., எஸ்டேட் எஸ்டேட்டா போயி பாட்டுப் பாடி ஓட்டு கேட்டவரு நம்ம பண்ணைப்புரம் பாவலர் வரதராசன், இளையராஜாவோட அண்ணன். எஸ்டேட் கூலிங்க குடியிருக்கற வரிசை வீடு, அந்த லயன் வீடுன்னா என்னன்னு வி.எஸ்.க்கு அப்பவே தெரியும்.

பத்து தடவை சட்டசபைக்கு நின்னு ஏழு தடவை ஜெயிச்சாரு. அம்பலப்புழை, மாராரிக்குளம், கடைசி இருபது வருஷம் பாலக்காட்டுப் பக்கம் மலம்புழை. 1996ல அவரு கூட்டணி ஆட்சியப் புடிச்சுது, முதலமைச்சர் ஆவாருன்னு எதிர்பார்த்த ஆளு மாராரிக்குளத்துல ரெண்டாயிரத்துக்கும் கம்மியான ஓட்டுல தோத்துப் போனாரு. வேற ஆளா இருந்தா வீட்டுக்குள்ள முடங்கியிருப்பாங்க. மந்திரியாவே இருந்ததில்ல, நேரா முதலமைச்சர் ஆனப்ப வயசு 82. அதுக்கும் கட்சி முதல்ல சீட்டு தரல, சனங்க தெருவுல எறங்குனதுக்கு அப்புறம் தான் குடுத்தாங்க.

நான் சொல்ல வர்றது முதலமைச்சர் வி.எஸ். பத்தி இல்லீங்க. எதிர்க்கட்சித் தலைவரா மூணு தடவை, மொத்தம் ஏறக்குறைய 14 வருஷம் இருந்தாரே, அந்த வி.எஸ். பத்தி. அதிகாரம் இல்லாம என்ன செய்ய முடியும்னு நம்ம எம்எல்ஏக்கள் கேக்குறாங்கல்ல, எதிர்க்கட்சி தொகுதின்னு ஒதுக்கிட்டாங்க நாங்க என்ன பண்றதுன்னு அலுத்துக்கறாங்கல்ல, அவங்களுக்கு பதில் அந்த வருஷங்கள்ல இருக்கு. எங்க எல்லைய ஒட்டி மதிகெட்டான் சோலைன்னு காடு, ஏலக்காய் போடறதுக்காக காட்ட வளைச்சு வெட்டிக்கிட்டு இருந்தாங்க, 2002ல எண்பதை நெருங்குற வயசுல அந்தக் காட்டுக்குள்ள நடந்தே போயி பாத்துட்டு வந்து விஷயத்த வெளிய கொண்டாந்தாரு, அடுத்த வருஷம் அது தேசியப் பூங்கா ஆயிருச்சு. அந்தக் காடு போயிருந்தா இந்தப் பக்கம் எங்களுக்கும் தான் கேடு. பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடையில கோகோ கோலா கம்பெனி நிலத்தடித் தண்ணிய உறிஞ்சுதுன்னு ஆதிவாசி சனங்க 2002ல உக்காந்தப்ப அவங்க பக்கம் நின்னாரு. இடமலையாறு அணை ஊழல் கேஸ்ல பாலகிருஷ்ண பிள்ளைங்கற முன்னாள் மந்திரிய விடாம வருஷக்கணக்கா கோர்ட்டு படியேறி 2011ல சுப்ரீம் கோர்ட்டு ஜெயிலுக்கு அனுப்புற வரைக்கும் ஓயல. இதெல்லாம் மேடையில பேசிட்டு மறந்துபோற வேலை இல்ல, ஃபைல படிக்கணும், எடத்துக்குப் போகணும், அடுத்த தேர்தல் வந்தாலும் விடாம புடிச்சுக்கிட்டே இருக்கணும்.

எல்லாத்தையும் நான் ஒத்துக்கல. 1997ல வயல மூடி வேற பயிர் வச்சதுக்கு எதிரான போராட்டத்துல அவரு ஆளுங்க போயி நின்ன பயிரையே வெட்டிச் சாய்ச்சாங்க, ஒரு விவசாயியா அதை என்னால ஜீரணிக்க முடியாது, காய்ச்ச மரத்துல கை வைக்கறது பாவம். ஆனா அந்தக் கவலை உண்மையானது தான்னு 2008ல அவரு ஆட்சியில வந்த நெல்வயல் பாதுகாப்பு சட்டத்த பாத்தா தெரியும், நம்ம பக்கம் வயலெல்லாம் பிளாட்டு கல்லு நட்டுக் கெடக்கறத பாக்கறப்ப அப்படி ஒரு சட்டம் இங்க இல்லையேன்னு வயிறு எரியுது. 2007ல மூணாறு ரிசார்ட்டுங்கள இடிக்க ஆரம்பிச்சதும் பாதியில நின்னுபோச்சு, கூட்டணிக் கட்சி ஆபீஸோட பட்டா வரைக்கும் போனதும் கூட்டணிக்குள்ளயே தடுத்துட்டாங்க. முதலமைச்சரா இருந்தும் முடிக்க முடியல.

ஐயா, உங்ககிட்ட ரெண்டு கோரிக்கை. தேர்தல் வந்தா வேட்பாளர் சொத்து எவ்வளவு, எந்த சாதி ஓட்டு எத்தனைன்னு பக்கம் பக்கமா போடறீங்க, அதோட நம்ம மாவட்ட எம்எல்ஏக்கள் அஞ்சு வருஷத்துல சட்டசபையில எத்தனை கேள்வி கேட்டாங்க, என்ன கேட்டாங்க, எத்தனை நாள் வந்தாங்கன்னு தொகுதி வாரியா போடுங்க. இன்னொண்ணு, அந்த ஸ்ட்ரைக் முடிஞ்சு கூலி 301 ரூபா ஆனதுக்கு அப்புறம் மூணாறு பொம்பளைங்க என்ன ஆனாங்க, ரிட்டயர் ஆனா லயன் வீட்ட காலி பண்ணணும்ங்கற நெலைமை மாறுச்சா, உங்க நிருபர ஒரு தடவை மேல அனுப்பி விசாரிச்சு எழுதச் சொல்லுங்க. கீழ எறங்கி வந்தா எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கம்பம், தேனி மாவட்டம்