மணிக்கொரு முறை பையைப் பார்த்தவர்களுக்கு

அன்பானவர்களே,

அக்காவின் கிட்னி எனக்குள் வந்து இன்றோடு ஒரு வருடம். இந்த மடலைக் கையால் எழுதிக் கொடுக்கத்தான் ஆசைப்பட்டேன். புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் சிலருக்குக் கை நடுங்கும். நான் எழுதியதை எனக்கே படிக்க முடியவில்லை. அதனால் தட்டச்சு.

முதலில் டயாலிசிஸ் டெக்னீஷியன் தம்பிக்கு. இரண்டு வருடம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி. 600-ஐத் தாண்டும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் ரத்தக் குழாய் பலவீனமாகிப் புடைத்துவிடும் என்று இடம் தள்ளித் தள்ளித்தான் குத்துவீர்கள். முன்கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த ஃபிஸ்டுலாவில் விரல் வைத்தால், மடியில் படுத்த பூனை போல ஓர் அதிர்வு இருக்கும். "காலைல எழுந்ததும் தொட்டுப் பாத்துடுங்கண்ணே" என்று முதல் வாரமே சொல்லி வைத்தீர்கள். ஒரு நாள் விடிகாலை தொட்டேன், கை சும்மா இருந்தது. போன் செய்தேன். "கைமேல படுத்துட்டீங்களா? சரி, அதெல்லாம் அப்புறம். உடனே கிளம்புங்க." அன்று மதியத்துக்குள் அடைப்பை எடுத்துவிட்டார்கள். பழக்கமாகிவிட்டது, இன்றும் எழுந்ததும் கை அங்கேதான் போகிறது.

அடுத்த நன்றி, வருடக்கணக்கில் நான் முகம் பார்க்காத ஒருவருக்கு. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறையில் இருக்கும் அண்ணன். நாலு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்குச் சுமார் 120 லிட்டர் தண்ணீர் மெஷினுக்குள் ஓடுகிறது. டயலைசர் என்ற அந்தக் குழாய்க்குள் முடியளவு மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இழைக்கு உள்ளே என் ரத்தம், வெளியே அவருடைய தண்ணீரில் கலந்த திரவம். யூரியாவும் பொட்டாசியமும் அந்தச் சுவரைத் தாண்டி வெளியே போகும். ஆனால் அது இருபக்கக் கதவு. தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரமைன் மிச்சமிருந்தால் அதே வழியாக உள்ளே வந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதைத் தினமும் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் இவர். அவரை ஒருவரும் தேடிப் போகவில்லை என்பதே அவர் வேலையைச் சரியாகச் செய்தார் என்பதற்குச் சாட்சி.

டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிட்னி ஒரு வடிகட்டி, அழுக்கைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். வீட்டைச் சுத்தம் செய்ய எல்லாச் சாமானையும் வாசலில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைப்போமே, அந்த மாதிரி. ரத்த அணுவையும் புரதத்தையும் நிறுத்திக்கொண்டு, மற்றதையெல்லாம் தண்ணீரோடு வெளியே விட்டுவிடும். இரண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர். பிறகு சர்க்கரை, உப்பு, தண்ணீர் என்று அளந்து அளந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒன்றரை லிட்டர். ஒரு கிட்னிக்குச் சுமார் 10 லட்சம் நெஃப்ரான், இந்த வேலையைச் செய்யும் நுண்ணிய குழாய்கள். தூங்கும்போதும் இதே வேலை. மெஷினோ வாரத்துக்கு 12 மணி நேரம். அதுவும் ரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோனை அதனால் சுரக்க முடியாது, அதற்குத் தனி ஊசி. இதையெல்லாம் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினீர்கள். நான் பயப்படுவதை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

நேரில் பார்க்கவே வாய்ப்பில்லாத ஒருவரும் உண்டு. 1943-ல், போர் நடுவில், நெதர்லாந்தில் செலோஃபேன் குழாயைச் சுற்றி, நடைமுறைக்கு ஏற்ற முதல் டயாலிசிஸ் மெஷினைச் செய்த டாக்டர் வில்லெம் கோல்ஃப். பல நோயாளிகளை இழந்த பிறகு 1945-ல்தான் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்து எழுந்தார். நானாக இருந்தால் இரண்டாவது ஆளோடு கடையை மூடியிருப்பேன்.

பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு: தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டிய எங்களுக்கு, தாகத்துக்கு ஒரு ஐஸ்கட்டியை அரைமணி நேரம் வாயில் ஒதுக்கும் வித்தை உங்களுடையது.

ஆபரேஷன் முடிந்த இரவு சிஸ்டருக்கு. தையல் போடும்போதே சிறுநீர் வந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அரை மயக்கத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு டார்ச் வெளிச்சம். மணிக்கொரு முறை குனிந்து யூரின் பையில் அளவு பார்த்து எழுதி, எவ்வளவு போனதோ அதற்கேற்ப டிரிப்பைக் கூட்டிக் குறைத்தீர்கள். விடியும்போது நான் கேட்காமலே பையைத் தூக்கிக் காட்டினீர்கள். ஒன்றரை வருடமாகச் சொட்டுக்கூட வராதவனுக்கு அந்த மஞ்சள் நிறம் எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக அக்கா. பழைய இரண்டையும் எடுக்காமல், உன்னுடையதை அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்திருக்கிறார்கள். ஆக எனக்கு மூன்று, உனக்கு ஒன்று. உன்னிடம் மிஞ்சிய ஒன்று கொஞ்சம் பெரிதாகி முன்னைவிடக் கூடுதல் வேலையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், போன வாரம் போனில் ஏதேதோ பேசி, ராத்திரியில் இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, தூக்கமே போச்சு என்று அலுத்துக்கொண்டேன்.

"அதுக்குத்தானேடா குடுத்தேன்" என்றாய்.