1922 தீயோடு தேடல் முடிந்துவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இடையன்குடி கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கவுண்டியில் பிறந்தவர். டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1867-இல் டவுன் கவுண்டியில் பிறந்தவர். இவர்களைப் போன்ற புராட்டஸ்டன்ட் குடும்பங்களின் முன்னோரைத் தேடுவோர், 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது என்று கேட்டதுமே தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள். அது வீண் அவசரம்.

ஆலயப் பதிவேடுகளில் அந்தத் தீயில் போனவை ஆங்கிலிக்கன் சபையான 'அயர்லாந்து திருச்சபை'யினுடையவை மட்டுமே. 1871-இல் அது அரசுச் சபை என்ற நிலையை இழந்தபின், அதன் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைச் சட்டம் அரசு ஆவணமாக்கியது. சுமார் ஆயிரம் சேகரங்களின் (ஆலயப் பங்குகளின்) ஏடுகள் டப்ளினுக்குப் போய் அழிந்தன. பாதுகாப்பான இடவசதி காட்டிய அறுநூறுக்கும் மேற்பட்ட சேகரங்களின் ஏடுகள் ஊரிலேயே தங்கித் தப்பின. சில குருமார் அனுப்புமுன் நகலும் எடுத்து வைத்தார்கள். எந்தச் சேகரத்துக்கு எது மிஞ்சியது, எங்கே இருக்கிறது என்ற பட்டியலை டப்ளினில் உள்ள அச்சபையின் நூலகம் வெளியிட்டிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட், குவேக்கர் போன்ற மற்றப் புராட்டஸ்டன்ட் சபைகளின் ஏடுகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. அங்கே இடைவெளி இருந்தால் காரணம் வேறு. பிரஸ்பிட்டேரியன் போதகர்கள் பதிவேடு வைக்கவேண்டும் என்ற விதி 1819-இல்தான் வந்தது. கால்டுவெல் பிறந்தது அதற்கு ஐந்தாண்டு முன்பு. அடக்கப் பதிவேடு அவர்களிடம் அபூர்வம். இறந்தோரைப் பெரும்பாலும் அயர்லாந்து திருச்சபைக் கல்லறையில்தான் அடக்கம் செய்தார்கள், ஆகவே அந்த ஏட்டையும் புரட்டவேண்டும். மெதடிஸ்ட் குடும்பங்களுக்கும் இதே யோசனைதான்: 1816-க்கு முன் அவர்களின் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றது பெரும்பாலும் அந்தத் திருச்சபையில்.

எனவே எந்தச் சபை என்று முதலில் தெரியவேண்டும். 1901, 1911 குடிக்கணக்குத் தாள்களில் மதம் என்று தனிக் கட்டம் உண்டு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்தது, 'டவுன்லேண்ட்' எனப்படும் சிற்றூர்ப் பெயர். 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் குடித்தனக்காரர் பெயர் சிற்றூர் வாரியாக இருக்கிறது.

என் கருத்தில் மிகப் பயனுள்ள ஆவணம் 1845 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கத்தோலிக்கர் அல்லாதோரின் அரசுத் திருமணப் பதிவு. இருவருடைய தந்தையர் பெயர், தொழில், திருமணம் நடந்த ஆலயம் மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். வயதுக் கட்டத்தில் 'முழு வயது' என்றிருந்தால் 21 நிறைந்தவர் என்றே பொருள். அதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிடக் கூடாது. திருமணம் வழக்கமாகப் பெண் வீட்டார் ஆலயத்தில் நடக்கும். மாப்பிள்ளையின் ஞானஸ்நானத்தையும் அங்கேயே தேடினால் ஏமாற்றம்தான். அவர் குடியிருந்த ஊர் அதே வரியில் இருக்கிறது. 1864 முதல் பிறப்பு, இறப்புப் பதிவும் வந்துவிட்டதால் ஏமி கார்மைக்கேல் காலத்தவருக்கு ஆலய ஏட்டை மட்டுமே நம்பவேண்டியதில்லை.

சேகரத்தின் ஏடு உண்மையிலேயே எரிந்திருந்தால் 'வெஸ்ட்ரி' எனப்படும் சேகர நிர்வாகக் கூட்டத்தின் குறிப்பேட்டைக் கேளுங்கள். அதை ஒப்படைக்கும் கட்டாயம் இருக்கவில்லை. ஆலயக் காப்பாளர்கள், உதவி பெற்ற ஏழைகள் பெயரெல்லாம் அதில் வரும்.

1752-க்கு முந்தைய ஏடுகளில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அங்கே 1740 பிப்ரவரி என்றிருப்பது நம் கணக்கில் 1741.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.