தலை வாரிவிட்ட அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ராத்திரி பகல் பார்க்காமல் போன் செய்து கேட்டவர்கள் நீங்கள்தானே. அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. இப்போது 1,900 கிராம் இருக்கிறான், பால் புகட்டும் பாலாடைச் சங்கில் குடிக்கிறான். இப்போதைக்கு அது போதும்.

ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்கள், மூத்தவளுக்குத் தினமும் டிபன் கட்டிக் கொடுத்து வேனில் ஏற்றிவிட்ட எதிர்வீட்டு அக்கா, எனக்குப் பால் சுரக்காத முதல் நாட்களில் தாய்ப்பால் வங்கியில் பால் கொடுத்திருந்த, நான் முகம்கூடப் பார்க்காத அம்மாக்கள், டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லோருக்கும் என் நன்றி. அப்புறம் என் மாமியார். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் சமயபுரத்தாள் பிள்ளைகளுக்காகப் பச்சைப் பட்டினி இருப்பாள் அல்லவா, கூடவே இவரும் நீர்மோரும் துள்ளுமாவுமாக இருந்தார். நானோ அந்த நாட்களில் ஆத்தாளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டும் சேர்ந்துதான் அவள் காதில் விழுந்திருக்கும்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது ஒரு அரை மணி நேரத்துக்காக.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, சரியாக நினைவில்லை. என் அம்மா வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து ஊரில் படுத்திருந்தார். அன்று மதியம் முதல் முறையாகப் பிள்ளையை என் மார்பில் போடுவதாகச் சொன்னார்கள். எடை குறைந்த பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைத்துச் சூடு கொடுக்கும் கங்காரு முறை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இன்குபேட்டர் பற்றாமல் போனபோது ஆரம்பித்ததாம். தாயின் உடம்புச் சூட்டை நம்பி யாரோ துணிந்திருக்கிறார்கள். எனக்கு என் உடம்பின் மேல் அந்த நம்பிக்கை துளியும் இல்லை.

“வளையலைக் கழட்டிட்டு, கையைக் கழுவிட்டு, தலையை நல்லா முடிஞ்சுக்கிட்டு வாங்க” என்றார் நர்ஸ். முதல் இரண்டும் ஆயிற்று. முடிதான் கயிறு மாதிரி திரண்டு போயிருந்தது. விரலை விட்டால் வெளியே வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை நாளும் பிள்ளைக்காக வராத அழுகை, ஒரு சிக்குக்காக வந்தது.

வார்டு துடைக்கிற அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். “கடைசியா எப்பத் தலை வாரினே?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தன் பையிலிருந்து ரோஸ் கலர் சீப்பு ஒன்றை எடுத்தார். அதில் இரண்டு பல் இல்லை. தேங்காய் எண்ணெய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார். எனக்கு மேல்படியில் உட்கார்ந்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். இழுக்கும்போது வலிக்கக் கூடாதென்று வேரை மறு கையால் பிடித்துக்கொண்டார். என் அம்மா அப்படித்தான் பிடிப்பார்.

“உள்ள பிள்ளையப் பாக்க அத்தனை பேர் இருக்காங்க. உன்னைய யாரு பாக்குறா?” என்றார். வேறொன்றும் பேசவில்லை. எல்லாம் சரியாகிவிடும், கடவுள் கைவிட மாட்டார் என்றெல்லாம் சொல்லவே இல்லை. கடைசியில் பின்னல் போட்டு, இட்லிப் பொட்டலத்து நூலால் முடிந்துவிட்டார். நான் எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

காவிரி வெள்ளத்தில் அம்மா அக்கரையில் மாட்டிக்கொள்ள, இக்கரையில் வலியில் துடித்த ரத்தினாவதிக்கு ஈசனே அம்மாவாக வந்து பிரசவம் பார்த்த கதை திருச்சிக்காரர்களுக்குப் பால்பாடம். அதனால்தான் மலைக்கோட்டையில் அவர் தாயுமானவர். சின்ன வயதில் கேட்கும்போது, சாமி ஏன் வெள்ளத்தை நிறுத்தியிருக்கக் கூடாது என்று தோன்றும். இப்போது அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு மணிக்கொரு தரம் பால் பிழிந்து, பாலாடையைக் கொதிக்க வைத்து, கொடுத்ததில் பாதியைக் கக்கினால் மறுபடி முதலிலிருந்து. முந்தாநாள் கேழ்வரகுக் கூழைப் பாயில் கொட்டிய மூத்தவளைக் கத்திவிட்டேன். தாய்மை என்றாலே தியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் கூழைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் இந்தக் கூழுக்கும் கத்தலுக்கும் என்ன விலை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். மூத்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை வாரிவிட்டேன். அவள் தலையிலும் ஒரே சிக்கு. இத்தனை நாள் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அக்காவைத் தேடிப் போய், உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். “பேரைப் போட்றாத தாயி, சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு” என்றார். அதனால் போடவில்லை. பையனுக்கு மூன்று மாதம் ஆனதும் தாயுமானவருக்கு வாழைத்தார் சாத்துவதாக வேண்டியிருக்கிறேன், உங்களுக்கும் ஒரு தார் கொண்டுவருகிறேன் என்றேன்.

“எனக்கெதுக்குத் தாரு? ஒரு சீப்பு போதும்” என்றார்.

எந்தச் சீப்பைச் சொன்னார் என்று கேட்கவில்லை. பல் போகாத சீப்பு ஒன்றை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். பழத்தை அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.