முதலில் பலூன், பிறகு பந்து

ஆசிரியருக்கு,

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுத்தரும்போது எடுத்த எடுப்பிலேயே டென்னிஸ் பந்தை வீசாதீர்கள். சிறிய பந்து வேகமாக வரும். பயத்தில் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். முதலில் பலூன். அடுத்து, காற்றைச் சற்றுக் குறைத்த 20 செ.மீ. ரப்பர் பந்து. 2 மீட்டர் தள்ளி நின்று, தரையில் ஒருமுறை குத்தி எழும்பும்படி போடுங்கள். நேரடி வீச்சு அதற்குப் பிறகுதான்.

சமநிலைப் பயிற்சிக்குத் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போதும்; அதன்மேல் நடக்கவிடுங்கள். பாதத்தையே பார்த்து நடந்தால் தடுமாறுவார்கள்; கோட்டின் முனையில் ஏதாவது பொருளை வைத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பாண்டி ஆட்டம் இதற்கு அருமையான பயிற்சி, ஆனால் இரண்டு காலிலும் மாற்றி மாற்றி நொண்ட வேண்டும்.

நாற்பது பேருக்கு ஒரே பந்து என்றால் பிள்ளைகள் வரிசையில்தான் நிற்பார்கள். இருவருக்கு ஒன்றாவது வேண்டும், துணிப்பந்தானாலும் சரி. சென்னை வெயிலில் சிமெண்ட் தரை சுடும். காலை முதல் பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை