கொரோனாவின் வெப்ப மர்மம் இன்னும் விலகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரியனின் வளிமண்டலத்தில் தென்படும் 'கேம்ப்ஃபயர்' என்ற குட்டி வெளிச்சங்களைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் 'விலகியது கொரோனா வெப்ப மர்மம்' என்ற தலைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அந்தப் பக்கத்தை வெட்டி வகுப்பறைப் பலகையில் ஒட்டிய மாணவி, "அப்போ இனிமே இதுல கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லையா மிஸ்?" என்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே பரவியிருக்கும் வெளி வளிமண்டலமான கொரோனாவோ பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறையத்தானே வேண்டும்? 1869 கிரகணத்தின்போது கொரோனாவின் ஒளியில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. அது ஏதோ புதுத் தனிமத்தின் ஒளி என்றே வெகுகாலம் நம்பினார்கள். 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் ஒளி அது என்று 1940 வாக்கில் ஸ்வீடன் இயற்பியலாளர் எட்லென் காட்டியபோதுதான், அங்கே எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்பது உறைத்தது. அந்தச் சூடு எப்படி மேலே போகிறது என்ற கேள்வி இன்றுவரை தொடர்கிறது.

தங்கள் கட்டுரை சொன்ன கண்டுபிடிப்பு உண்மையிலேயே பெரிதுதான். 2020 மே 30 அன்று சோலார் ஆர்பிட்டர் விண்கலம் சூரியனிலிருந்து சுமார் 8.3 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்துகொண்டு எடுத்த புற ஊதாப் படங்கள் அவை. சூரியன் அமைதியாக இருந்த காலம். அந்த அமைதியான பகுதியிலேயே, ஐந்தே நிமிடப் பதிவில், பெல்ஜியத்தின் டேவிட் பெர்க்மான்ஸ் குழு 1,467 வெளிச்சங்களை எண்ணியது. 400 முதல் 4,000 கிலோமீட்டர் வரை நீளம். பத்து வினாடியிலிருந்து மூன்று நிமிடம் சொச்சம் வரை ஆயுள்.

இவை ஏன் பளிச்சிடுகின்றன? பலவற்றின் அடியில் எதிரெதிர்த் துருவம் கொண்ட சின்னக் காந்தத் திட்டுகள் இருக்கின்றன. அவை நெருங்கி ஒன்றையொன்று அழிக்கும்போதும், மேலே காந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணையும்போதும், தேங்கிய ஆற்றல் சட்டென்று வெப்பமாகிறது. அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் 1988-லேயே இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார். மேற்பரப்பின் கொதிப்பு, காந்தக் கோடுகளின் வேர்களை ஓயாமல் நகர்த்துகிறது. கோடுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு தாங்காத இடங்களில் நானோ வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒவ்வொன்றும் பெரிய சூரிய வெடிப்பில் நூறு கோடியில் ஒரு பங்கு என்றாலும், எண்ணிக்கையால் கொரோனாவைச் சூடாக வைத்திருக்கும் என்பது அவர் வாதம்.

சரி, அந்த வெடிப்புகள்தாம் இந்த வெளிச்சங்கள் என்று முடித்துவிடலாமா? முடியாது. அந்தக் கேமரா பார்த்த அலைநீளம் 17.4 நானோமீட்டர். பத்து லட்சம் டிகிரி இரும்பு அதில் நன்றாக ஒளிரும் என்பது சரிதான். ஆனால் அதைவிடக் குளிர்ந்த ஆக்சிஜனின் ஒளியும் கொஞ்சம் அதே வழியாக உள்ளே வந்துவிடுகிறது. பின்னால், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைக் கருவிகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது, இவற்றில் பல அந்தப் பத்து லட்சத்தை எட்டவே இல்லை என்று தெரிந்தது. அப்புறம் ஆற்றல் கணக்கு. அளவு சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை மிக வேகமாகப் பெருகினால்தான், குட்டி வெடிப்புகளின் கூட்டுத்தொகை பெரியவற்றை மிஞ்சும். அந்தப் பெருக்கம் போதுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. காந்தக் கோடுகள் வழியே மேலேறும் அலைகள்தாம் சூட்டைக் கொண்டுபோகின்றன என்போரும் வலுவாகவே இருக்கிறார்கள். தங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

'புதிய தடயம் கிடைத்தது' என்று போட்டிருந்தாலே தலைப்பு போதுமான சுவையோடு இருந்திருக்கும் என்பது என் கருத்து.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இந்த வெளிச்சங்கள் பெரும்பாலும், சூரியனின் நிறமண்டலத்தில் (மேற்பரப்புக்கும் கொரோனாவுக்கும் இடையிலுள்ள அடுக்கு) வலைபோல் படர்ந்த காந்தப் பின்னலின் மேல்தான் தோன்றுகின்றன. அந்த வலையைக் கால்சியம் ஒளியில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து படம்பிடித்த இடம் நம் கொடைக்கானல் வானாய்வகம். அந்தப் படங்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டு, யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றியும், 2024 ஜனவரியிலிருந்து, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள எல்-1 புள்ளியைச் சுற்றிவரும் இந்திய விண்கலம் ஆதித்யா எல்-1 கொரோனாவில் என்ன பார்க்கிறது என்பது பற்றியும் ஒரு தொடர் வெளியிடுங்கள். பலகையில் இடம் ஒதுக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல்