பருவ இறுதிக் கடிதம்: மாணவத் தலைவர்கள் குறித்து

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வுகள் முடிந்து விடைத்தாள்கள் திருத்தப்படுகின்றன. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள், பரிசுகளும் வாங்கினார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டைகள் வழக்கம்போல் பெற்றோர் கூட்டத்தில் தரப்படும்.

முக்கியமாக உங்களிடம் பேச நினைப்பது மாணவத் தலைவர்களைப் பற்றி. வகுப்புத் தலைவர், அணித் தலைவர், நூலகப் பொறுப்பாளர் என்று பருவத் தொடக்கத்தில் பலர் பொறுப்பேற்றார்கள். பேட்ஜ் குத்திய அன்று உங்கள் முகத்தில் இருந்த பெருமையை நாங்களும் பார்த்தோம். நான்காவது வாரத்திலிருந்து வேறு மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கின. “படிப்பு கெடுகிறது, என் மகளை விடுவித்துவிடுங்கள்”, “சிநேகிதர்களோடு மனஸ்தாபம் வருகிறது, வேறு யாரையாவது போட்டுக்கொள்ளுங்கள்” என்று. உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்த நான்காவது வாரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் தலைவருக்கும் புதுசு, வகுப்புக்கும் புதுசு. சொன்னால் கேட்பார்கள். பிறகு அந்தப் புதுமை இரண்டு பக்கமும் தீர்ந்துபோகிறது. “நீ என்ன பெரிய வாத்தியாரா?” என்று நெருங்கிய சிநேகிதனே கேட்கிறான். பேசுபவர் பெயரைப் பலகையில் எழுதினால் வகுப்பு கோபிக்கிறது. எழுதாவிட்டால் ஆசிரியர் கேட்கிறார். ஆரம்ப சூரத்தனம் எல்லோருக்கும் வரும். அது வடிந்த பிறகு அதே வேலையை மறுநாளும் செய்வதில்தான் தலைமைப் பயிற்சியே தொடங்குகிறது. சரியாக அந்த இடத்தில் நாம் பிள்ளையை வெளியே தூக்கிவிட்டால், கஷ்டமாக இருந்தால் விட்டுவிடலாம் என்பது மட்டுமே அதற்கு மிஞ்சும்.

வீட்டுப்பாட நோட்டு சேகரிப்பதையே எடுத்துக்கொள்வோம். மணி அடித்ததும் தலைவர் வாசலில் நின்று “நோட்டைக் கொடுங்க” என்று கத்துவார். 40 பேரும் ஒரே நேரத்தில் மொய்ப்பார்கள். இரண்டு பேர் கொடுக்காமலே நழுவுவார்கள், நான்கு நோட்டு கீழே விழும், ஆசிரியர் வந்து எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். திட்டு தலைவருக்கு. இப்படி ஒரு வாரம் போனால் எந்தப் பிள்ளைக்கும் அழுகை வரத்தான் செய்யும். இதில் கோளாறு பிள்ளையிடம் இல்லை, சேகரிக்கும் முறையில்தான். முதல் மணிக்கு முன்பே, ஒவ்வொரு வரிசையிலும் கடைசியில் இருப்பவர் பின்னாலிருந்து முன்னால் நோட்டுகளை வாங்கி வர வேண்டும். தலைவர் வரிசைக்கு ஒரு கட்டாகப் பெற்று, தராதவர் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி மேலே வைத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. வகுப்பை அமைதிப்படுத்துவதும் அப்படித்தான். மேசையைத் தட்டி “சத்தம் போடாதீங்க!” என்று கத்தும் தலைவரின் குரல்தான் அங்கே பெரிய சத்தம். பேசுபவர் பக்கத்தில் போய் நின்று, பெயரைச் சொல்லி மெதுவாகச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த நுணுக்கங்கள் முதல் வாரத்தில் யாருக்கும் பிடிபடாது. தவறி, மாற்றிப் பார்த்து, மறுபடி தவறித்தான் கைவரும்.

ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்து அந்தச் சட்டசபை உறுப்பினர் பதவியையே துறந்தார். எடுத்த காரியத்தை மட்டும் விடவில்லை. முழுத் தடைச் சட்டம் வந்தது 1947இல். பிள்ளைகளிடமும் நாங்கள் எதிர்பார்ப்பது இதைத்தான்: வழியை மாற்றலாம், காரியத்தை நடுவில் போட்டுவிடக் கூடாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் அது பெரிய உதவி. பிள்ளை “எனக்கு வேண்டாம்” என்று வந்து நின்றால், உடனே பேனாவை எடுக்காதீர்கள். எந்த வேலை, எந்த நேரத்தில், யாரோடு சிக்கல் என்று கேளுங்கள். பத்து வேலையில் ஒன்றுதான் உறுத்துகிறது என்பது அநேகமாக அப்போதே தெரிந்துவிடும். நாளைக்கு அதை வேறு எப்படிச் செய்யலாம் என்று ஒரே ஒரு யோசனையைப் பிள்ளையே சொல்லட்டும். ஒரு வாரம் செய்து பார்க்கட்டும். தகவல் பலகைக்கான சார்ட்டை நீங்கள் வரைந்து கொடுப்பது, எதிர்த்துப் பேசிய பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்வது, இரண்டும் வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டு, தலைவராக இருக்கத் தகுதியில்லை என்று எழுதுவதை ஏற்க முடியாது. அது மறுநாள் காலை அந்தப் பிள்ளையின் காதுக்குப் போய்விடுகிறது. புகார் இருந்தால் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள். மேலும், அடுத்த பருவம் முதல் விடுவிப்புக் கடிதம் வந்த அன்றே யாரையும் விடுவிக்க மாட்டோம். வகுப்பாசிரியர் பிள்ளையோடு தனியாகப் பேசுவார். 3 வாரத்துக்குப் பாதி வேலையைத் துணைத் தலைவர் எடுத்துக்கொள்வார். அதன் பிறகும் வேண்டாம் என்றால், பிள்ளையே வந்து சொல்லட்டும், மாற்றிவிடுவோம்.

இதற்கு விலக்கு உண்டு. மிரட்டல், அடி, கேலி தொடர்ந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, தினமும் காலையில் வயிற்றுவலி என்று பிள்ளை சுருண்டு படுத்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். எங்களிடம் உடனே வாருங்கள். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் எண்ணம் எங்களுக்குத் துளியும் இல்லை.

பிள்ளை தளர்ந்த நாட்களிலும் “இந்த வாரம் பார்ப்போம்” என்று தட்டிக்கொடுத்து அனுப்பிய பெற்றோர் பலர். அந்தப் பிள்ளைகள் இன்று வரிசையை நடத்தும் விதமே வேறாக இருக்கிறது. உங்களுக்கு மனமார்ந்த நன்றி. கடிதம் எழுதியவர்களுக்கும் நன்றி. நீங்கள் எழுதியதால்தான் எந்த வேலையில் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது. மாணவத் தலைவர்களின் பெற்றோர், மதிப்பெண் அட்டை வாங்க வரும்போது வகுப்பாசிரியரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்