ஒரு நாள் முழுதும் பேச்சுக்கு: புதுச்சேரி வானொலி நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி வானொலி நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

வரும் நவம்பர் 12 அன்று, காலையில் ஒலிபரப்பு தொடங்கும் நேரம் முதல் இரவில் நிறைவு பெறும் நேரம் வரை, திரைப்பாடல் ஏதுமின்றி, உங்கள் நிலையத்தின் முழு நாளையும் பேச்சுக்கே ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். உரை, உரையாடல், நேர்காணல், உரைச்சித்திரம், நேயர் கேள்விக்கு விவரம் அறிந்தவர் சொல்லும் பதில் ஆகிய அனைத்தையும் சேர்த்தே பேச்சு என்கிறேன். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். 1967-இல் உங்கள் நிலையம் தொடங்கப்பட்டபோது மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். மாலையில் முள்ளைத் திருகி இரைச்சல் இல்லாமல் புதுச்சேரியைப் பிடித்துக் கொடுப்பது எங்கள் வீட்டில் என் வேலையாக இருந்தது.

நவம்பர் 12-ஐ நான் காரணத்தோடுதான் கேட்கிறேன். 1947-இல் அதே நாளில், அது தீபாவளி நாளாகவும் இருந்தது, காந்தியடிகள் தில்லி வானொலி நிலையத்துக்குச் சென்று, குருக்ஷேத்திர முகாமில் வீடு வாசல் இழந்து தங்கியிருந்த அகதிகளிடம் பேசினார். அவர் வானொலி நிலையத்துக்குச் சென்றது அந்த ஒரு முறைதான். அதன் நினைவாகவே அந்நாள் பொதுச் சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நேரில் போக முடியாத இடத்துக்கு ஒரு மனிதரின் குரல் போய்ச் சேர்ந்த நாள் அது என்பதால், அந்நாளில் குரலுக்கே முழு இடமும் தருவது பொருத்தமாக இருக்கும். நம் கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கவிருக்கும் அந்த நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை வலுத்து நிற்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒவ்வொரு வீடும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம் அது.

மழைக்காலத்தைச் சொன்னதற்குக் காரணம், இந்தக் கோரிக்கை என் மனத்தில் விழுந்ததே ஒரு புயலுக்குப் பிறகுதான். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் திரும்பி வர இரண்டு வாரங்களுக்கு மேலாயிற்று. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்துபோன பின், நான்கு பேட்டரி போடும் என் பழைய டிரான்சிஸ்டரைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது. அப்போது ஒன்றைக் கவனித்தேன். செய்தியில் வரும் எண்களை எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் வினவினார்கள். ஆசிரியர் என்பதால் என்னிடமும் கேட்டார்கள். பல கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

புயல் உருவாகும்போதெல்லாம் கடலூர் துறைமுகத்தில் இத்தனையாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று கேட்கிறோம். எண் கூடக் கூட ஆபத்து கூடும் என்ற மட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு புயலின் வலுவில் இல்லை என்பதும், புயல் செல்லும் தடத்துக்குத் துறைமுகம் இடப்பக்கம் அமையுமா வலப்பக்கம் அமையுமா என்பதைத்தான் அவை குறிக்கின்றன என்பதும், 7 என்றால் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்பதும், 11 என்பது புயலின் அளவே அல்லாமல் வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துபோனதைச் சொல்வது என்பதும் கரையோரத்தில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? நாற்பது வயதைக் கடந்த பிறகே எனக்குத் தெரிந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றும் ஊழியர் ஒருவர் பத்து நிமிடம் பேசினால் போதும். அதைக் கேட்ட குழந்தை ஆயுளுக்கும் மறக்காது.

ஆற்று வெள்ளமும் இப்படித்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சம் கனஅடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் பல பகுதிகளுக்குள் வந்தது. லட்சம் கனஅடி என்ற சொல் எல்லோர் காதிலும் விழுந்தது. ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 230-க்கும் அதிகமாக ஒவ்வொரு நொடியும் கவிழ்க்கப்படுகின்றன என்று பொருள் என்று யாராவது சொல்லி, அந்த நீர் சாத்தனூரிலிருந்து நம் ஊர்ப் பாலத்தை வந்தடைய எவ்வளவு நேரம் ஆகும், எந்தெந்தத் தெருவில் முதலில் ஏறும் என்பதையும் நீர்வளத்துறைப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு விளக்கியிருந்தால், மாடுகளை எப்போது அவிழ்ப்பது, அரிசி மூட்டையை எப்போது பரணில் ஏற்றுவது என்று அவரவர் தாமே முடிவு செய்திருப்பார்கள். வெள்ளம் வந்த இரவில் இதற்கு நேரம் இருக்காது. அதற்கு முன்பே, நிதானமான ஒரு பகலில் பேசப்பட வேண்டியவை இவை.

வானொலிப் பேச்சு நம் மண்ணில் வேலை செய்திருக்கிறது என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் காவிரிப் படுகையில் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டே உழவர்கள் அதைப் பயிரிட்டதால், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கியது. ஒரு பயிருக்கு ஒலிபரப்பின் பெயரையே மக்கள் சூட்டினார்கள் என்றால் அந்தப் பேச்சை அவர்கள் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்! அதற்கும் முன்னால், 1956-இல் புனே வானொலி சுமார் 150 ஊர்களில் கேட்போர் குழுக்களை அமைத்து, நிகழ்ச்சியைக் கூட்டாகக் கேட்டு, கேட்டதை விவாதித்து, எழுந்த கேள்விகளை நிலையத்துக்கே அனுப்பும் முறையைச் சோதித்துப் பார்த்தது. யுனெஸ்கோ துணை நின்ற முயற்சி அது. நம் பக்கத்திலும் பாகூர், பண்ருட்டி, வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களில் அந்த ஒரு நாளைக்கு மட்டுமாவது நூலகத்திலோ மீனவர் வலைக்கூடத்திலோ ஒரு பெட்டியை வைத்துக் கூடிக் கேட்க ஏற்பாடு செய்யலாம். எங்கள் பகுதியில் அப்பொறுப்பை நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் ஏற்றுக்கொள்கிறோம்.

பாட்டு இல்லாவிட்டால் பெட்டியை அணைத்துவிடுவார்கள் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். பட்டிமன்றத்துக்கும் சொற்பொழிவுக்கும் நள்ளிரவு வரை மணலில் அமர்ந்து கேட்ட மக்கள் நாம். மஞ்சக்குப்பம் திடலில் கொட்டும் பனியில் மூன்று மணி நேரம் பேச்சுக் கேட்டுவிட்டு நடந்தே வீடு திரும்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் மேடைப் பேச்சும் வானொலிப் பேச்சும் வேறு வேறு. மேடையில் ஆயிரம் பேரைப் பார்த்துக் குரலை உயர்த்துகிறோம். ஒலிவாங்கியின் முன்னால், அடுப்படியில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடமோ கடை வாசலில் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரிடமோ பேசுகிறோம். இந்தப் பாடத்தை எனக்கு ஒரு வானொலி நிலையத்தில்தான் கற்றுத் தந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் சிறுவர்களின் வாசிப்புப் பழக்கம் குறித்துப் பத்து நிமிட உரை நிகழ்த்த அழைத்திருந்தார்கள். நான் எழுதிக்கொண்டு போன தாள்களை நிகழ்ச்சி அமைப்பாளர் முதலில் பின்னூசியிலிருந்து கழற்றினார். பக்கம் புரளும் ஓசை பதிவாகும் என்றார். பிறகு என் நீண்ட வாக்கியங்களை இரண்டிரண்டாக வெட்டினார். ‘மேற்குறிப்பிட்ட’ என்று நான் எழுதியிருந்த இடத்தைச் சுட்டி, கேட்பவருக்கு மேலே ஏது, கீழே ஏது என்று கேட்டார். முப்பது ஆண்டு வகுப்பறையில் கற்காததை அந்த அரை மணி நேரத்தில் கற்றேன். இந்தக் கலை அறிந்தவர்கள் இன்னும் உங்கள் நிலையங்களில் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் இளையவர்கள் அதைக் கற்றுக்கொள்ள, இப்படி ஒரு நாளுக்காகச் செய்யும் உழைப்பே நல்ல பயிற்சியாகும்.

யார் பேச வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பட்டமும் பதவியும் உள்ளவர்கள் பாதி நேரம் பேசட்டும். மறு பாதி, தொழில் தெரிந்தவர்களுக்கு வேண்டும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்று மாறுவதைத் தோலில் உணரும் கடலோடி, பலாவில் எது சுளை பிடிக்கும் என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் பண்ருட்டித் தோப்புக்காரர், பிரசவ வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஆகியோர் தத்தம் பேச்சிலேயே பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். பள்ளியில் மாணவன் அந்தச் சொல்லை எழுதினால் சிவப்பு மையால் அடித்தவர்களில் நானும் ஒருவன். அதற்காக இன்று வருந்துகிறேன். வானொலியில் மல்லாட்டை என்று ஒருவர் தயங்காமல் சொல்லக் கேட்டால், அடித்துவிட்ட அந்தச் சொல்லைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்ததாக எண்ணுவேன்.

மாலை நேரத்தில் ஒரு மணி நேரமாவது புதுச்சேரியின் பஞ்சாலைகளுக்குத் தாருங்கள். 1936 ஜூலை 30 அன்று போராடிய ஆலைத் தொழிலாளர்களில் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததும், அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எட்டு மணி நேர வேலை இங்கு சட்டமானதும் நூல்களில் உள்ளன. ஆனால் ஆலைச் சங்கின் ஒலிக்கு ஏற்பச் சோறு வடித்த வீடுகளின் நினைவு எந்த நூலிலும் முழுதாக இல்லை. அந்த ஆலைகளுள் ஒன்றான ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் (ஏ.எஃப்.டி.) ஆலையும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. தறியில் நின்றவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் குரல் பதிவாக வேண்டுமானால் இனியும் காத்திருக்க இயலாது.

நடைமுறை குறித்துச் சில சொற்கள். அன்றைய நிகழ்ச்சிகளை மத்திய அலையிலும் 102.8 பண்பலையிலும் ஒருசேர ஒலிபரப்ப இயலுமானால், ஊருக்குள் இருப்பவரோடு தொலைவில் படகில் இருப்பவரும் கேட்பார். கைப்பேசியில் பண்பலை வசதி இருந்தும் அதைக் கேட்கக் காதொலி வடத்தை (இயர்போன்) செருக வேண்டும், அதுவே ஆன்டெனாவாகச் செயல்படும் என்று பலருக்குத் தெரியாது. இதை முன்கூட்டியே அறிவியுங்கள். நேர அட்டவணையை இரண்டு வாரத்துக்கு முன்பே வெளியிட்டால், கேட்க விரும்புவோர் தம் வேலையை அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொள்வார்கள். பதிவுகளை அன்றோடு விட்டுவிடாமல், பள்ளிகளும் நூலகங்களும் மீண்டும் கேட்கும்படி இணையத்தில் நிலையாக வைத்திருங்கள்.

தேவனாம்பட்டினத்தில் வலை பின்னும் பெரியவர் ஒருவரிடமும், முதுநகர் மீன் சந்தையில் ஏலம் கூறும் அம்மா ஒருவரிடமும் இதுபற்றிப் பேசியிருக்கிறேன். இருவரும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு நீங்கள் வருவதானால், ஏலம் முடிந்து சந்தை ஓயும் காலை 9 மணிக்குப் பிறகு வரும்படி அந்த அம்மா கேட்டுக்கொண்டார்.

தங்கள் மறுமொழியை எதிர்நோக்கும்,
திருப்பாதிரிப்புலியூர் நேயர் ஒருவர்
கடலூர்